கட்டாயக் கேள்வி

இரண்டாயிரத்து மூன்று, சாதாரண தரம், பி வகுப்பு:
நாற்பத்தொரு பேர். குழுவில் இருப்பது முப்பத்திரண்டு.
வாக்கெடுப்புப் போட்டவன் நான்.
தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போன் திருத்துகிற கடை. கையில் எந்நேரமும்
யாருடைய போனாவது இருக்கும் என்று சொல்லி
என் தலையில் கட்டினார்கள்.

எங்கே கூடலாம்?
நுவரெலியா ஹோட்டல், பதினொன்று.
பள்ளிக்கூட மண்டபம், ஆறு.
நீர்வீழ்ச்சிக்கு எதிரே இருக்கிற ரெஸ்ட் ஹவுஸ், ஒன்று.
அது மகேந்திரராஜா. அதன் மனேஜர் அவனுடைய மச்சான்.

எப்போது?
போயா தினம் என்றதும்
அன்றைக்கு ஒரு போத்தல்கூட வாங்க முடியாதே என்று
மூன்று அழுகிற முகங்கள் வந்தன.

படிவமும் செய்தேன். மரக்கறியா, கோழியா.
டீ-ஷேர்ட் அளவு. ஐயாயிரம் ரூபாய் சம்மதமா.
கட்டாயக் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்;
நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

பதினெட்டுப் பேர் போனார்கள்.
மற்றவர்களை நான் சும்மா விடவில்லை.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று:
"இன்னும் பதினான்கு பேர். ஒரு விரல்தானே, அசைத்தால் என்ன?"
பெயர் சொல்லியும் எழுதினேன்:
"ஞானப்பூ, நீ உயிரோடு இருக்கிறாயா?"

வியாழக்கிழமை. மழை. கரண்ட் போய் வந்த நேரம்
லாச்சியில் மூன்று கிழமையாய்க் கிடந்த போன் ஒன்றை எடுத்தேன்.
யாரோ பையன் கொடுத்துவிட்டுப் போனது.
டிஸ்ப்ளே எட்டாயிரத்து ஐந்நூறு என்றதும்
"வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றவன்
வரவில்லை.
செத்துப்போன இன்னொரு போனின் கண்ணாடியைக் கழற்றி
இதற்கு வைத்துப் பார்த்தேன்.

திரை வெளித்தது.
பிறகு அது நடுங்கத் தொடங்கி, நிற்காமல் நடுங்கி,
மேசையின் ஓரம்வரை தானாக நகர்ந்து போனது.
எல்லாம் நான்.
இன்னும் பதினான்கு பேர். இன்னும் பதினான்கு பேர்.
ஞானப்பூ, நீ உயிரோடு இருக்கிறாயா?
அனுப்பியவர் பெயர்: கொம்பாஸ் கள்ளன்.

இருபத்திரண்டு வருடம்.
அந்தக் கொம்பாஸ் பெட்டி என்னிடம்தான் இருந்தது,
பிறகு தங்கச்சியிடம், அதற்குப் பிறகு தெரியாது.

சனிக்கிழமை கொழுந்து நிறுத்துவிட்டு வந்தாள்,
இடுப்புப் படங்கைச் சுருட்டிப் பையில் திணித்தபடி.
காசு வேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை.
இரண்டாயிரத்தை எண்ணிக் கண்ணாடிமேல் வைத்தாள்,
மீதி பத்தாம் திகதி என்றாள்.
நின்றவாறே படிவம் முழுவதையும் வாசித்தாள்,
கொழுந்துக்கறை பிடித்த ஒரு விரலால் மேலே தள்ளித் தள்ளி.

"கோழியா மரக்கறியான்னு கேட்டிருக்க.
சட்ட அளவு கேட்டிருக்க.
பெரியமட்டத்துக்குக் கடைசி பஸ் அஞ்சே முக்கால்.
அத ஏன் கேக்கல?"

போகும்போது கேட்டாள், கொம்பாஸ் எங்கே என்று.
சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் குடையை விரித்துவிட்டாள்.

அன்றிரவு ஒரு கேள்வி சேர்த்தேன், சிவப்பு நட்சத்திரத்தோடு:
உங்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?
விடிவதற்குள் ஒன்பது பேர், இதுவரை வாய் திறக்காதவர்கள்.
ஐந்து பத்து.
ஐந்தே முக்கால்.
ஆறு, மழையென்றால் வராது.
பாலம் மட்டும்தான் பஸ், பிறகு நடை.
சரோஜாதேவி: பஸ் பிரச்சினை இல்லை, அவர்தான்.
டோஹாவிலிருந்து மரியசெல்வம்: போயிருச்சு மச்சான்.

இவற்றை வட்டமாக வெட்டி வர்ணம் பூசிக் காட்ட
அந்தப் படிவத்துக்குத் தெரியவில்லை.
வந்தது வந்தபடி ஒன்றின்கீழ் ஒன்றாய் விட்டுவைத்திருந்தது.

ஹோட்டலுக்கு முற்பணம் நான் இன்னும் கட்டவில்லை.